செம்மண்ணில் அப்பிள்: உரும்பிராய் வளவொன்றின் நிகழ்வு ஆய்வு

யாழ்ப்பாணத்து உரும்பிராயில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் வளவில் மூன்று அப்பிள் மரங்கள் நிற்கின்றன. மூன்றும் கடையில் வாங்கித் தின்ற பழத்தின் விதையிலிருந்து வந்தவை. 2022இல் முளைத்தவை இப்போது ஆள் உயரத்தைத் தாண்டிவிட்டன. பூ ஒன்றும் இன்னும் வரவில்லை. வேலியால் எட்டிப் பார்க்கிறவர்கள் அத்தனை பேரும் ஒரே வசனத்தைத்தான் சொல்லிவிட்டுப் போகிறார்கள்: "எங்கட வெய்யிலுக்கு அப்பிள் எங்க ரீச்சர் காய்க்கிறது?"

வெய்யிலை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது சரியில்லை என்பது என் எண்ணம். இந்தக் கன்றுகளைச் சாகடிக்கப் பார்த்தது கிணற்றுத் தண்ணீர். காய்க்கவிடாமல் மறிக்கப்போவது குளிர் இல்லாத குறை. முதலாவதை வாளியும் கூரைப் பீலியும் வைத்துச் சமாளிக்கலாம். இரண்டாவதைப் பாதிதான் சமாளிக்கலாம். இரண்டையும் "வெய்யில்" என்ற ஒரே சொல்லுக்குள் போட்டு மூடிவிடுவதால்தான் எங்கள் ஊரில் விதையப்பிள் வளர்க்கத் தொடங்குகிற பலர் முதலாம் வருடத்திலேயே கைவிட்டுவிடுகிறார்கள்.

அதற்கு முன்னர் வந்த இலந்தை

ரீச்சரின் அப்பிள் ஆசை விதையில் தொடங்கவில்லை. சில வருடங்களுக்கு முன் வாகனத்தில் கன்று கொண்டுவந்து விற்ற ஒருவரிடம் "அப்பிள் ஒட்டுக்கன்று" என்று ஒன்று வாங்கி நட்டிருக்கிறார். அது மளமளவென்று வளர்ந்து, ஒரு வருடத்துக்குள் பச்சைப் பழமும் தந்தது. கடித்துப் பார்த்தால் உள்ளே ஒரே ஒரு கல்விதை. வந்தது பெரிய பழ இலந்தை. வெளியூர்களில் அப்பிள் இலந்தை என்ற பெயரில் விற்கப்படுவது. தின்னக் கூடாத சாமான் அல்ல, வறண்ட இடத்துக்கு அருமையான பயிர். அப்பிள் விலை கொடுத்து வாங்கியதுதான் வயிற்றெரிச்சல்.

கன்று வாங்குகிறவர்கள் இலையைத் திருப்பிப் பார்த்தால் போதும். இலந்தை இலையின் அடியிலிருந்து மூன்று நரம்புகள் ஒன்றாகப் பிரிந்து ஓடும், கீழ்ப்பக்கம் வெள்ளை பூசினாற்போல் இருக்கும், காம்படியில் முள் குத்தும். அப்பிள் இலையில் நடுநரம்பு ஒன்றுதான். இரு பக்கமும் கிளைநரம்புகள் ஓடும், விளிம்பு முழுக்க நுண்ணிய வாள்பல். விதையில் வந்த இளம் அப்பிள் கன்றிலும் முள் போன்ற குட்டைக் கொப்புகள் வரும் என்பதால் முள்ளை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது.

பிறிட்ஜுக்குள் ஒரு பனிக்காலம்

இலந்தையில் ஏமாந்த பிறகுதான் ரீச்சர் விதைக்கு வந்தார். 2022 தொடக்கத்தில், டொலர் தட்டுப்பாட்டால் இறக்குமதிப் பழங்கள் எட்டாத விலைக்கு ஏறிக்கொண்டிருந்த நேரம், சிவப்பு அப்பிள் சிலவும் பச்சை அப்பிள் ஒன்றும் வாங்கினார். குறுக்கே வெட்டினால் ஐந்து அறை நட்சத்திரம். அறைக்கு ஒன்று இரண்டாக விதைகள். சப்பையானவற்றையும் வெளிறியவற்றையும் கழித்துவிட்டு, கடும் கபில நிறத்தில் திரண்டிருந்தவற்றை மட்டும் எடுத்துக்கொண்டார்.

அப்பிள் விதையை அப்படியே மண்ணில் போட்டால் பெரும்பாலும் முளைக்காது. தாய்மரம் நிற்கும் குளிர்நாட்டில் பழம் விழுவது பனிக்கு முந்திய காலத்தில். அந்நேரம் முளைத்தால் குருத்துக் கருகிப்போகும். அதனால் விதைக்குள் அப்சிசிக் அமிலம் போன்ற தடுப்புப் பொருட்கள் முளையை அடக்கி வைத்திருக்கின்றன. ஈரமும் குளிரும் சேர்ந்து இரண்டு மூன்று மாதம் கிடைத்த பிறகுதான் அந்தப் பூட்டுத் திறக்கும். 1 முதல் 5 பாகை செல்சியஸ் வரையான குளிர் போதும். வீட்டுப் பிறிட்ஜின் கீழ்த்தட்டு இதற்குத் தாராளம். ஐஸ் பெட்டிக்குள் வைக்கக்கூடாது. கப்பலேறி வந்த பழம் குளிர்களஞ்சியத்தில் மாதக்கணக்கில் கிடந்திருக்கும் என்பதால், சில விதைகள் கொஞ்சம் முந்திக்கொள்வதும் உண்டு.

ரீச்சர் விதையைக் கழுவி, ஒரு நாள் ஊறவைத்து, தென்னந்தும்புத் தூளில் கலந்து, மூடி தளர்ந்த ஒரு பழைய மாஜரின் டப்பாவில் போட்டு வைத்தார். தூளின் ஈரம் எப்படி இருக்கவேண்டும் என்றால், கைக்குள் வைத்து இறுக்கிப் பிழிந்தால் விரலிடுக்கில் நீர் மினுங்க வேண்டும், சொட்டக்கூடாது. அதைவிட ஈரம் கூடினால் விதை அழுகும். கிழமைக்கு ஒருதரம் மூடியைத் திறந்து, பங்கசு பிடித்ததை எடுத்து எறிந்துவிட்டு மற்றதைக் கிளறி மூடுவார்.

இதற்கிடையில் அந்த வருடத்து மின்வெட்டு வந்து சேர்ந்தது. மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் மின்சாரம் இல்லை. பிறிட்ஜ் திறந்தால் வெக்கை. இந்த இடத்தில் எல்லாம் பாழாய்ப்போகும் என்றுதான் நானும் நினைத்தேன், போகவில்லை. முக்கால்வாசிக் குளிர்காலம் கிடைத்த விதைகள் இடையில் வந்த சூட்டைத் தாங்கிக்கொண்டன. கணிசமானவை அழுகின, அது வேறு. மிஞ்சியவற்றில் சில டப்பாவுக்குள்ளேயே கூர்முனை வெடித்து வெள்ளை வேர் நீட்டின.

இங்கே ரீச்சர் எடுத்த ஒரு முடிவுதான் மரங்களைக் காப்பாற்றியது என்பேன். வேர் தெரிந்த விதைகளை மட்டும் எடுத்து நட்டார், மற்றதைத் திரும்பவும் உள்ளே வைத்தார். காரணம் இருக்கிறது. குளிர் முழுதாகக் கிடைக்காத அப்பிள் விதையை 25, 30 பாகைச் சூட்டில் போட்டால் அது முளைக்காதது மட்டுமல்ல, மறுபடியும் உறக்கத்துக்குப் போய்விடும். பிறகு முதலிலிருந்து குளிர் கொடுக்கவேண்டும். குளிர்நாட்டார் எழுதும் குறிப்புகளில் "மூன்று மாதம் வை, பிறகு நடு" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அவர்களின் வசந்தம் 15 பாகை, எங்களின் சித்திரை 33. இங்கே நாட்காட்டியைப் பார்த்து நடமுடியாது, வேரைப் பார்த்துத்தான் நடவேண்டும்.

சித்திரையில் நட்டதும் நல்ல காலம் அல்ல. ஆழமான பொலித்தீன் பையில், வேர்முனை கீழே இருக்க விரற்கணு ஆழத்தில் விதையை வைத்து, கிடுகு நிழலில் அடுக்கினார்கள். முளைத்தவற்றில் சில ஒரு கிழமைக்குள் தண்டடி கறுத்துச் சாய்ந்தன. நாற்றுக் கழுத்தழுகல் என்ற பங்கசு நோய். பின்னேரம் தண்ணீர் ஊற்றி இரவு முழுக்க ஈரமாய் விட்டதை நிறுத்தி, காலையில் மட்டும் ஊற்றத் தொடங்கிய பின் மிச்சம் தப்பின.

மஞ்சள் இலை

ஆவணி வந்தபோது எஞ்சிய கன்றுகள் அரையடி உயரத்தில் அசையாமல் நின்றன. என்னைக் கூப்பிட்டுக் காட்டியது அப்போதுதான். வெய்யிலில் வாடுகின்றன என்று கிடுகுக்கு மேல் இன்னொரு கிடுகு போட்டிருந்தார்கள். கன்றுகள் இன்னும் மோசமாகியிருந்தன.

இலைகளில் இரண்டு விதமான கோளாறு இருந்தது. முதிர்ந்த இலைகளின் ஓரம் பழுப்பாய்க் கருகியிருந்தது. அது சோளகக் காற்றின் வேலை. வைகாசி தொடங்கி மாதக்கணக்கில் அடிக்கும் அந்தக் காய்ந்த காற்றில் வாழையிலையே கிழிந்து தொங்கும்போது அப்பிள் குருத்து எம்மாத்திரம்? தென்மேற்குப் பக்கம் ஓலையால் மறைத்தால் சரி. மற்றதுதான் கவனிக்கவேண்டியது. நுனியில் புதிதாக வந்த இலைகள் எலுமிச்சை மஞ்சளாக, நரம்பு மட்டும் பச்சையாக, வலை வரைந்தாற்போல் இருந்தன. கீழிலைகள் பச்சை. இப்படிப் புது இலையில் தொடங்கும் நரம்பிடை மஞ்சளுக்கு எங்கள் பக்கத்தில் முதலில் சந்தேகப்படவேண்டியது இரும்புக் குறைவை.

உரும்பிராய்ச் செம்மண்ணில் இரும்பு இல்லை என்று யாரும் சொல்லமுடியாது, அந்தச் சிவப்பே இரும்பின் சிவப்புத்தான். ஆனால் அந்த மண்ணுக்குக் கீழே கிடப்பது மயோசீன் காலத்துச் சுண்ணக்கல். கிணற்றுத் தண்ணீர் அந்தக் கல்லைக் கரைத்துக்கொண்டுதான் வருகிறது. கேத்தலின் அடியில் படியும் வெள்ளைப் படை எங்கள் வீடுகளில் புதினம் அல்ல. அந்தத் தண்ணீரைக் கோடை முழுக்க ஒரு சின்னப் பைக்குள் ஊற்றினால், தண்ணீர் ஆவியாகிப் போக, சுண்ணாம்பும் இருகாபனேற்றும் மண்ணில் தங்கும். காரம் ஏற ஏற இரும்பு வேருக்கு எட்டாத வடிவத்துக்குப் போய்விடும். அப்பிள் வேருக்குப் பிடித்தது இலேசான புளிப்பு மண், பிஎச் 6ஐ ஒட்டி. இந்தப் பைகளின் விளிம்பில் வெள்ளைப் பொருக்கே கட்டியிருந்தது.

ரீச்சர் நம்பவில்லை. "தம்பி, இந்தத் தண்ணியிலதானே வெங்காயம், புகையிலை, வாழை எல்லாம் விளையுது?" என்றார். விளைகிறதுதான். அவை இந்த மண்ணோடு பழகிய பயிர்கள், அதோடு விரிந்த நிலத்தில் மாரிமழை வருடாவருடம் உப்பைக் கழுவிக்கொண்டு போகிறது. பைக்குள் அந்த வசதி கிடையாது.

நாங்கள் செய்தது பெரிய வித்தை ஒன்றும் அல்ல. பழைய மண்ணை உதறிவிட்டு, மேல்மண், நன்றாக உக்கிய கூட்டெரு, தும்புத்தூள் மூன்றையும் கலந்து பெரிய பைக்கு மாற்றினோம். ஐப்பசியில் மழை தொடங்கியதும் பீலித் தண்ணீரைத் தாங்கிக்குள் விழவிட்டு, கன்றுக்கு அதையே ஊற்றினார்கள். யாழ்ப்பாணத்து மழையில் பெரும்பங்கு ஐப்பசி தொடங்கி மார்கழி வரைக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். மூன்று கன்றுக்கு வேண்டியதைப் பிடித்து வைக்க ஒரு நடுத்தரத் தாங்கி காணும். அதுவரைக்கும் உடனடி உதவியாக இரும்புச் செலேற்று, அதாவது இரும்பை வேருக்கு எட்டும் வடிவத்தில் பிடித்து வைக்கும் உரம், ஊற்றினோம். கடையில் மலிவாய்க் கிடைக்கும் ஈ.டி.ரி.ஏ. வகை சுண்ணாம்பு மண்ணில் நிலைக்காது. ஈ.டி.டி.எச்.ஏ. வகைதான் காரமான மண்ணிலும் இரும்பைக் கைவிடாமல் வைத்திருக்கும். கரைத்தால் கடுஞ்சிவப்பாக வரும். மஞ்சளாகிப்போன பழைய இலைகள் முழுதாகத் தேறவில்லை. அதற்கு மேல் வந்தவை பச்சையாக வந்தன. நிழலில் பாதியைக் கழற்றினோம். அந்த மாரியில் கன்றுகள் எழும்பிய எழும்பலைப் பார்த்த பிறகு வெய்யிலைப் பற்றி ரீச்சர் பேசவில்லை.

மாரி தன் பங்குக்கு நத்தையைக் கொண்டுவந்தது. உள்ளங்கை அளவு ஆபிரிக்க நத்தை ஒன்று ஒரே இரவில் ஒரு கன்றை மொட்டையாக்கிவிட்டுப் போனது. அது கணக்கிலிருந்து போயிற்று. மிஞ்சிய மூன்றும் அடுத்த வருடம் நிலத்துக்கு மாறின. தோண்டிய கிடங்குக்குள் கல் எடுத்து, கூட்டெரு நிரப்பி, மட்டத்தைவிட ஓரடி உயர்ந்த மேடையில் நட்டார்கள். வேர் ஒருநாள் சுண்ணக்கல்லைத் தொடத்தான் போகிறது. அந்த நாளைத் தள்ளிப்போடுவதற்குத்தான் மேடை.

பக்கத்து முந்திரிகைப் பந்தல்

நிலத்தில் வேரூன்றிய பின் புதிய கோளாறு. மூன்று மரமும் தடி போல மேலே போயின. பக்கக் கொப்பு கிடையாது, நடுத்தண்டில் கண்கள் உறங்கிக் கிடக்கின்றன, உச்சியில் மட்டும் ஒரு கொத்து இலை. குளிர் காணாத அப்பிளுக்கு உலகம் முழுக்க இதே கோலம்தான். பனிக்காலத்தில் இலை கொட்டி, மொட்டு உறங்கி, போதிய குளிர் கிடைத்த பிறகுதான் பக்கக் கண்கள் ஒரே நேரத்தில் விழிக்கும். சாதாரண அப்பிள் இனங்களுக்கு 7 பாகைக்குக் கீழே 800, 1000 மணித்தியாலம் வேண்டும். யாழ்ப்பாணத்தில் தை மாத இரவுகூட 20 பாகைக்குக் கீழே இறங்குவது அருமை. குளிர் மணித்தியாலம் என்று கணக்குப் போட்டால் எங்களுக்கு வருவது பூச்சியம்.

இதற்கு வழி சொன்னவர் அடுத்த வளவில் முந்திரிகை, அதாவது திராட்சை, வைத்திருக்கும் தோட்டக்காரர். வேலியடியில் நின்று, "ரீச்சர், உதுக்கு மாரி கோடை ஒண்டும் தெரியேல்லை. நாங்கள் பந்தலுக்குச் செய்யிற மாதிரி இலையை உருவி விடுங்கோ, கண் தானா வெடிக்கும்" என்றார். அவர் அப்பிள் மரத்தைக் கண்டதே ரீச்சர் வீட்டில்தான். ஆனாலும் சொன்னது சரி.

திராட்சையும் குளிர்நாட்டில் இலையுதிர்க்கும் கொடிதான். எங்கள் ஊரில் அது இலையுதிர்ப்பதில்லை, அறுவடை முடிந்ததும் நாங்களே கத்தி வைத்துக் கவாத்துப் பண்ணி, தண்ணீரைக் குறைத்து, பிறகு எருவும் தண்ணீரும் கொடுத்து எழுப்புகிறோம். இஸ்ரேல் புளூ என்ற இனத்தை வைத்து உரும்பிராய், நீர்வேலி, கோப்பாய்ப் பக்கத்துப் பந்தல்கள் இத்தனை காலம் காய்ப்பது இந்த வைத்தியத்தால்தான். பனிக்காலத்தைக் கத்தியால் உண்டாக்குகிற கைப்பழக்கம் எங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அப்பிள் விஷயத்தில் அதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

அப்பிளில் இதைச் செய்து காட்டிய ஊரும் உண்டு. இந்தோனேசியாவில் கிழக்கு ஜாவாவின் மாலாங், பாத்து (Batu) ஆகிய இடங்கள் பூமத்திய கோட்டுக்குத் தெற்கே ஏறக்குறைய 8 பாகையில் இருக்கின்றன. நாங்கள் வடக்கே இருக்கும் தூரத்தைவிட அவர்கள் இன்னும் கிட்ட. அங்கே அறுவடை முடிந்து சில கிழமைகளில் ஆட்கள் ஏறி மரத்தின் இலைகளைக் கையாலேயே உருவி விடுவார்கள், கொப்புகளை வளைத்துக் கட்டுவார்கள். மரம் ஆழ்ந்த உறக்கத்துக்குப் போக முன்னரே தட்டி எழுப்புகிற வித்தை. வருடத்துக்கு இரண்டு தரம் காய் எடுக்கிறார்கள். ஆனால் அது மலைநாடு, கடல்மட்டத்திலிருந்து 700 மீற்றருக்கு மேலே. இரவுக் குளிர்ச்சி எங்களுக்குக் கனவு. இந்த வித்தியாசத்தை மறந்துவிட்டு ஜாவாவைக் காட்டி ஆசைப்படுத்துவது நியாயம் அல்ல.

ரீச்சர் வீட்டில் மாரி ஓய்ந்த மாசியில் இதைச் செய்து பார்த்தோம். உச்சியைக் கிள்ளி, தண்டைத் தேங்காய்க் கயிறு கட்டிச் சாய்த்து, இலைகளைக் காம்பு மிஞ்சும்படி விளிம்பைப் பிடித்து உருவினோம். காம்போடு பிடுங்கினால் அதன் இடுக்கில் இருக்கும் கண்ணும் உரிந்து வந்துவிடும். முந்திரிகைக்காரர்தான் கையைப் பிடித்துக் காட்டித் தந்தார். சாய்ந்த தண்டின் மேற்பக்கத்துக் கண்கள் பல வெடித்து, முதன்முறையாக மரத்துக்கு மரம் என்ற உருவம் வந்தது. நேரே நின்ற மீதித் தண்டில் கண்கள் உறங்கியபடியே கிடந்தன. மூன்றில் ஒன்று மற்ற இரண்டையும்விட நன்றாகத் துளிர்த்தது. ஒரே வளவு, ஒரே எரு. விதைக்கன்றுகளுக்குள் இருக்கும் பிறவி வித்தியாசம் அது.

பழம் வருமா, வந்தால் என்ன பழம்?

அந்தப் பிறவி வித்தியாசத்தை விளங்கிக்கொள்ளாமல் விதையப்பிளுக்குள் இறங்கக்கூடாது. அப்பிள் பெரும்பாலும் தன் பூவின் மகரந்தத்தால் தானே காய்க்காது. வேறு இனத்தின் மகரந்தம் வேண்டும். ஆகவே கடைப் பழத்துக்குள் இருக்கும் ஒவ்வொரு விதையும் தாயின் பாதியும் யாரென்று தெரியாத தகப்பனின் பாதியும். சிவப்பு அப்பிள் விதையிலிருந்து அதே சிவப்பு அப்பிள் வராது. புளித்ததும் சின்னதுமான காய்கள் வருவதே வழக்கம். ஆனாலும் உலகத்தின் பேர்போன அப்பிள்கள் சில இப்படிப் பிறந்தவைதான். ரீச்சர் வாங்கிய பச்சை அப்பிளின் இனம், கிரானி ஸ்மித், 1868 அளவில் அவுஸ்திரேலியாவில் சிட்னியை அடுத்த ஈஸ்ற்வூட்டில் மரியா ஆன் ஸ்மித் என்ற அம்மாவின் வளவில் தானாக முளைத்த கன்று. இமாச்சலப் பிரதேசத்தின் பிலாஸ்பூரில் ஹரிமன் சர்மா என்ற விவசாயி விதைக் கன்றிலிருந்து தெரிந்தெடுத்த எச்ஆர்எம்என் 99 இனம் இந்தியாவின் சூடான சமவெளிகளில் காய்க்கிறது. இவற்றை வைத்து ஆசைப்படலாம், கணக்குப் போடக்கூடாது. இப்படிப் பேர் எடுத்த ஒரு கன்றுக்குப் பின்னால் பேரில்லாமல் வெட்டப்பட்டவை எத்தனையோ.

இரண்டாவது, காத்திருப்பு. விதைமரம் பூக்கும் பருவத்துக்கு வரக் குளிர்நாட்டிலேயே ஆறு முதல் பத்து வருடம் பிடிக்கும். அந்தப் பருவம் வரும்வரை எவ்வளவு இலை உருவினாலும் பூ வராது, கொப்புத்தான் வரும். ஆகவே ரீச்சரின் மரம் இன்னும் பூக்காததை யாழ்ப்பாணத்தின் தலையில் கட்டமுடியாது. அந்த வழக்கு இன்னும் விசாரணைக்கே எடுக்கப்படவில்லை. பூத்தாலும் வெக்கையான இரவில் தோலுக்குச் சிவப்பு ஏறாது, தசை மாவாகும். கடைப் பழத்தை எதிர்பார்த்துக் கடிக்கிறவருக்கு ஏமாற்றம்தான்.

குறுக்குவழி ஒட்டு. கறுத்தக்கொழும்பான் மாவில் ஒட்டுக்கன்று கட்டத் தெரிந்த ஊருக்கு இது புதிதில்லை. குளிர் குறைவாய்க் கேட்கும் அன்னா, டோர்செற் கோல்டன் இனங்களின் குச்சியை இந்த மரங்களில் ஒட்டினால் காத்திருப்பு இரண்டு மூன்று வருடமாகச் சுருங்கலாம். ஆனால் அன்னாவும் 200, 300 மணித்தியாலக் குளிர் கேட்கிறதே தவிர, பூச்சியத்தில் காய்க்கும் இனம் அல்ல. இலையுருவல் இல்லாமல் அதுவும் நடக்காது. குச்சி கிடைப்பதும் சும்மா அல்ல. கனடாவிலிருந்தோ இந்தியாவிலிருந்தோ வருகிற சொந்தக்காரரின் பெட்டிக்குள் உடுப்போடு சுற்றிக் கொண்டுவரும் யோசனை ரீச்சரின் வீட்டிலும் எழுந்தது. 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதியில்லாமல் கன்றோ குச்சியோ நாட்டுக்குள் கொண்டுவர முடியாது. சட்டத்துக்குப் பயந்து மட்டும் சொல்லவில்லை. ஒரு குச்சியோடு வரும் நோய் மூன்று மரத்தோடு நிற்காது.

கன்று கேட்டு வருகிறவர்கள்

இப்போது ரீச்சர் வீட்டுக்கு வாரம் ஒருவராவது கன்று கேட்டு வருகிறார். ஒருவர் மொத்தமாக நாற்றுப் போட்டுத் தந்தால் வாங்கி விற்கிறேன் என்றே வந்தார். ரீச்சர் மறுத்துவிட்டார், நானும் அதையே சொன்னேன். விதையில் வந்த அப்பிள் கன்றைக் காய்க்கும் கன்று என்று விலைக்கு விற்பது, அவரிடம் இலந்தையை அப்பிள் என்று விற்றதற்கு இரண்டாம் பாகம்.

வீட்டில் வைத்துப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு ரீச்சர் கன்று கொடுப்பதில்லை, செய்முறையைச் சொல்லி அனுப்புகிறார். அதில் தன் அனுபவத்தால் மாற்றிய விஷயம் காலம். விதையைப் புரட்டாசிக் கடைசியில் பிறிட்ஜில் வைத்தால் மார்கழி, தையில் வேர் விடும். யாழ்ப்பாணத்தில் வருடத்தின் மிகக் குளிர்ச்சியான கிழமைகள் அவை. மழையும் ஓயத் தொடங்கியிருக்கும், தாங்கியும் நிறைந்திருக்கும். சோளகம் தொடங்க முன்னர் கன்றுக்கு நாலு மாதம் கிடைக்கும். ஒன்றோடு நிறுத்தாமல் குறைந்தது இரண்டு வளர்க்கச் சொல்கிறார், ஒற்றை மரம் பூத்தாலும் பெரும்பாலும் காய் பிடிக்காது என்பதால். இடம் சின்னதென்றால் பெரிய சாடியிலேயே வைத்திருக்கலாம், மழைத்தண்ணீர் மட்டும் ஊற்றி.

அவரின் மூன்றில் நன்றாகத் துளிர்த்த மரத்துக்கு அடுத்த மாசியிலும் இலையுருவல் நடக்கும். மற்ற இரண்டில் ஒன்றை ஒட்டுக்கென்று ஒதுக்கியிருக்கிறார், முறையான அனுமதியோடு குச்சி கிடைக்கும் நாளுக்கு. இலந்தையை வெட்டவில்லை. அது நன்றாகக் காய்க்கிறது.